ஏலத்தில் வரும் வீடும் எடுப்போர் கடமையும்

(மணவாள நகரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட விஷயம் சமயமும் அன்று, சரித்திரமும் அன்று, வீடு. அதிலும் பாங்குக் கடனுக்காக ஏலத்திற்கு வந்து, பூட்டிக் கிடந்து, காரை பெயர்ந்து நிற்கும் வீடு. "வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் முன்னோர். ஏலத்தில் எடுத்துப் பார் என்று அவர்கள் சொன்னாரில்லை. சொல்லாது விட்ட அதனை இன்று நம்மவர் பலர் செய்து பார்க்கத் துணிந்திருப்பதால், அதன் நன்மை தீமைகளை எடுத்துரைத்தல் அவசியமாயிற்று.

இம்மணவாள நகர் திருவள்ளூர் இருப்புப்பாதை நிலையத்திற்கு அருகே, ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில், வெங்கத்தூர் ஊராட்சியைச் சார்ந்து, கூவம் ஆற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருபுறம் சென்னைக்கு ரயில். ஒருபுறம் மேல்நல்லாத்தூர், காக்களூர் முதலிய இடங்களின் தொழிற்சாலைகள். மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. மாதச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் இங்கு அநேகர். சம்பளம் நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் வீடு ஏலத்திற்கு வரும். ஆகவே ஏல வீட்டை எடுப்பவரும் நம்மவரே, அதனை இழப்பவரும் நம்மவரே. இவ்விரு திறத்தாரையும் மனத்திற்கொண்டே யாம் பேச எண்ணுகின்றோம்.

முதலில் யாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைச் சொல்லுவோம். சில வருஷங்களுக்கு முன் பத்திரிகையில் ஓர் ஏல அறிவிப்பைக் கண்டு, இவ்வூர்ப் பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றோம். வீடு பூட்டியிருக்கும் என்று எண்ணிப் போன எம்மை வாசலில் ஓர் அம்மையார் எதிர்கொண்டு, உட்காரச் சொல்லி மோரும் கொடுத்தார். அவருடைய கணவர் ஆலை வேலையை இழந்தவர். அவர் எம்மிடம், "ஐயா, என் மைத்துனர் ஊரில் நிலத்தை விற்றுவிட்டார். இன்னும் பத்து நாளில் பணம் முழுவதும் கைக்கு வந்துவிடும். ஏலத் தேதிக்கு முன் கட்டிவிட்டால் வீடு எங்களுக்குத்தானே?" என்று கேட்டார். எம்மால் விடை சொல்ல இயலவில்லை. விடை தெரியாமையால் அன்று, தெரிந்திருந்தமையால்.

அவர் நினைத்தது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி கோர்ட்டு ஏலத்தில் சொத்து விற்பனையான பிறகும், குறித்த கெடுவுக்குள் கடன் தொகையையும், எடுத்தவருக்கு ஏலத் தொகையில் நூற்றுக்கு 5 வீதமும் கட்டி விற்பனையை ரத்துச் செய்துகொள்ள வழியுண்டு. "ஏலம் போனாலும் அறுபது நாள் இருக்கிறது" என்று நம் பெரியவர்கள் சொல்லுவது இதனைக் கருதியே. ஆனால் பாங்குகள் இப்போது பெரும்பாலும் அவ்வழியிற் செல்வதில்லை. 2002ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட சர்பாசிச் சட்டம், கோர்ட்டில் வழக்கிடாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தைப் பாங்குகளுக்கு அளித்தது. அச்சட்டத்திலும் முதலில் விற்பனைக்குக் குறித்த நாள் வரையில் பணங்கட்டி மீட்கலாம் என்றே இருந்தது. 2016ஆம் வருஷத்துத் திருத்தம் அதனை மாற்றி, ஏல அறிவிப்புப் பிரசுரமாகும் நாளோடு மீட்கும் உரிமையை நிறுத்திவிட்டது. 2023ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டாரும் ஒரு வழக்கில் இதனையே உறுதிப்படுத்தினர். அவ்வீட்டுக்காரர் பணத்தோடு சென்றபோது அறிவிப்பு வெளிவந்து பல நாளாகியிருந்தது. பாங்கார் மறுத்துவிட்டனர். வீடு வேறொருவருக்குப் போயிற்று. யாம் அந்த ஏலத்திற் கலந்துகொள்ளவில்லை. எனினும் யாம் விலகி நின்றமையால் அவருக்கு விளைந்த நன்மை யாதுமில்லை. ஒரு மாதத்திற்கு முன் அவர் எவரையேனும் கேட்டிருந்தால், அந்த அம்மையார் இன்றும் அவ்வாசலிலேயே நின்றிருப்பார்.

ஆதலின் கடன்பட்டோர் அறிய வேண்டுவனவற்றை முதற்கண் கூறுகின்றோம். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகின்றது. பின்னர் 60 நாள் கெடுவைத்து நோட்டீசு வரும். அந்நோட்டீசைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது நம்மவர் பலரிடம் உள்ள பெரும் பிழை. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பாங்கார் 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தருதல் வேண்டும். தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு கேட்கலாம். வேறு வழியில்லையேல், பாங்காரின் எழுத்து மூலமான சம்மதத்தோடு தாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்கலாம். ஏலத்தில் வீழும் விலையை விட அது பெரும்பாலும் மேலாகவே இருக்கும். சுவாதீனம் எடுக்கப்பட்ட பின்னரும் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த தொகை கடன்பட்டவருக்கே உரியது. குறைந்தாலோ, மிச்சத்தையும் பாங்கார் அவரிடம் வசூலிக்கலாம். இவ்வளவும் அறிவிப்புப் பிரசுரமாவதற்கு முன் நினைக்கவேண்டியவை.

இனி எடுப்போர் பக்கம் வருவோம். அவ்வீட்டை விட்டு வந்த பின், மற்றொரு வருஷம் யாமும் ஓர் ஏல வீட்டை எடுத்தோம். அது எவரும் குடியில்லாது கிடந்த வீடு. அப்போது பட்ட பாட்டிலிருந்து கற்றவையே இனிச் சொல்லப்போவன.

ஏல வீடு மலிவு என்பர். மலிவு எங்கே இருக்கிறது, மலிவின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தாலன்றி விளங்காது. உதாரணமாக ஒரு வீடு ரூ. 20,00,000க்கு ஏலத்தில் முடிகிறது என வைத்துக்கொள்வோம். கேட்கப் புகுமுன் பெரும்பாலும் நூற்றுக்கு 10 வீதம் முன்பணம் கட்டவேண்டும். ஏலம் முடிந்த அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து 25 வீதமாகிய ரூ. 5,00,000 கட்டிவிடவேண்டும். மிச்சம் ரூ. 15,00,000ஐ விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15 நாட்களுக்குள் செலுத்தவேண்டும். பாங்கார் எழுத்து மூலம் ஒப்பினால் கெடு நீளலாம்; ஆயினும் மூன்று மாதத்திற்கு மேற்படலாகாது.

விலைக்கு மேல் செலவு வேறு. தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 வீதமும் பதிவுக் கட்டணம் 2 வீதமும் ஆகின்றன. பாங்கார் தரும் விற்பனைச் சான்றிதழைக் கட்டாயமாகப் பதிய வேண்டுவதில்லை என்றும், பதிவு அலுவலகத்து 1ஆம் புத்தகத்திற் சேர்த்தாற் போதும் என்றும் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புகள் உண்டு. எனினும் அதனைப் பதிவுக்கு என்று கொடுத்தாலோ, வேறு காரியத்திற்குப் பயன்படுத்தினாலோ தீர்வை உண்டு என்று 2024ஆம் வருஷத்துத் தீர்ப்பொன்று கூறுகின்றது. ஆகையால் 9 வீதமாகிய ரூ. 1,80,000ஐத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தால் லாபம் என்று கொள்வதே விவேகம். வீட்டுவரி, மின்சாரம் முதலிய பழைய பாக்கிகளுக்கு ரூ. 30,000 என்றும், பழுது பார்க்க ரூ. 4,00,000 என்றும் கொண்டால், 20 லட்சத்து வீடு ரூ. 26,10,000 ஆகிவிடுகிறது. விலை 50 லட்சத்தை எட்டினால் நூற்றுக்கு 1 வீதம் வருமானவரி பிடித்துச் செலுத்த வேண்டிய பொறுப்பும் வாங்குபவரைச் சாரும்.

இத்தொகை எங்கிருந்து வரும்? 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 வீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. ஆனால் கொடுக்கலாம் என்பது வேறு, கொடுப்பார்கள் என்பது வேறு. கடன் கொடுக்கும் பாங்கின் மதிப்பீட்டாளர் பாழடைந்த வீட்டைப் பார்த்து மதிப்பைக் குறைத்துவிட்டால் கடனும் குறையும். அன்றியும் இங்கே ஒரு முடிச்சு உண்டு. முழுப் பணமும் கட்டினாலன்றி விற்பனைச் சான்றிதழ் கிடையாது. பத்திரம் இன்றிக் கடன் கொடுக்கப் பாங்குகள் தயங்கும். இம்முடிச்சை அவிழ்க்க, ஏலத்திற்கு முன்னரே கடன் அனுமதியை எழுத்தில் பெற்று, பணம் நேராக ஏலம் விடும் பாங்குக்குச் செல்லவும், பத்திரங்கள் அங்கிருந்து நேராகக் கடன் கொடுக்கும் பாங்குக்கு வரவும் இரு பாங்காரையும் பேசவைத்தல் வேண்டும். ஏலம் விடும் பாங்கினிடமே கடன் கேட்பதும் சிற்சில சமயம் எளிதாகும். ஆயின் கடன் கிடைக்காமற் போனால் பணம் திரும்பும் என்று எந்த ஏல நிபந்தனையிலும் எழுதியிராது.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் உதாரணம் உண்டு. 2016ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒருவர் பொதுத்துறைப் பாங்கொன்றின் ஏலத்தில் ரூ. 12.27 கோடிக்கு ஒரு சொத்தை எடுத்து, 25 வீதமாகிய ரூ. 3,06,75,000 கட்டினார். அது பெருநோட்டுக்கள் செல்லாதென அறிவிக்கப்பட்ட காலம். கெடு நீட்டித்துக் கொடுத்தும் மிச்சத்தைக் கட்ட இயலவில்லை. பாங்கார் கட்டிய பணம் முழுவதையும் பறிமுதல் செய்தனர். ஹைக்கோர்ட்டில் அவருக்கு ஓரளவு அநுகூலம் கிடைத்தது. ஆனால் 2024ஆம் வருஷம் பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார் அதனை மாற்றி, விதிப்படி முழுத்தொகையையும் பறிமுதல் செய்தது சரியே என்றனர். மூன்று கோடியை இழந்தவர் கதை அது. நம்மவர் ஐந்து லட்சத்தை இழந்தால் அது கோர்ட்டுப் புத்தகத்தில் ஏறாது. ஒரு குடும்பத்துப் பெண்ணின் கலியாணத்தில் ஏறும்.

ஆதலால் கணக்கை இவ்வாறு போட்டுக்கொள்ளுங்கள். மேற்சொன்ன ரூ. 26,10,000இல் வீட்டுக் கடன் ரூ. 15,00,000, பழுதுபார்ப்புக் கடன் ரூ. 3,00,000, சொந்தக் கைப்பணம் ரூ. 8,10,000. வீட்டுக் கடனுக்கு வருஷ வட்டி 9 வீதம், காலம் 20 வருஷம் எனில் மாதத் தவணை சுமார் ரூ. 13,496. பழுதுபார்ப்புக் கடனுக்கு வட்டி 11 வீதம், காலம் 5 வருஷம் எனில் சுமார் ரூ. 6,523. இரண்டும் சேர்ந்து மாதம் ரூ. 20,019. வேலை முடிந்து குடிபுகும் வரை இப்போதிருக்கும் வீட்டு வாடகையும் இதனோடு சேரும். இவ்வளவையும் ஆறு மாதம் வருமானம் நின்றாலும் தாங்கக்கூடியவரே ஏலத்தில் கை தூக்கவேண்டும். இல்லையேல் இன்று ஒருவர் இழந்த வீட்டை எடுத்து, நாளை மற்றொருவருக்கு இழக்கவே நேரும்.

கைப்பணத்தைத் திரட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். சீட்டை முதல் மாதங்களிலேயே தள்ளி எடுத்தால் அத்தள்ளுபடியே வட்டி என்று அறிக. நகையை அடகு வைத்தால் மீட்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்க. அநியாய வட்டிக்குக் கடன் கொடுப்பதை 2003ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் ஏல முன்பணத்திற்கு அவசரப்பட்டு ஓடுவோரை எதிர்பார்த்துக் கந்துவட்டிக்காரர் காத்திருப்பதை நாம் அறியோமா? பதினைந்து நாள் கெடு என்பது கடன் தேடும் காலமன்று. தேடி வைத்த கடனைச் செலுத்தும் காலம்.

அடுத்து, பார்வையிடல். ஏல அறிவிப்புகள் இப்போது கணினி வழியாகவே பெரும்பாலும் கிடைக்கின்றன. பொதுத்துறைப் பாங்குகளின் ஏலங்களுக்கெனப் பாங்க்நெட் என்னும் தளம் 2025ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதிலுள்ள படத்தைக் கண்டு திருப்தியடைதல் தகாது. சொத்தை "உள்ளது உள்ளபடியே" விற்பதாகவே பாங்கார் எழுதுவர். பின்னால் தோன்றும் குறைக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். ஆதலின் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவின் அனுமதி, கட்டட அனுமதி ஆகியவற்றைத் தக்க வக்கீலிடம் காட்டுதல் வேண்டும். அனுமதியற்ற மனை எனில் 2017ஆம் வருஷத்து விதிகளின்படி முறைப்படுத்தப்பட்டதா என்று கேட்டறிக. மின்சாரப் பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடமும் விதிகளுக்குட்பட்டு வசூலிக்கலாம் என்று 2023ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்துள்ளனர். மின்சார அலுவலகத்தில் பாக்கியை விசாரித்த பின்னரே விலை கூறுக.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுவாதீனம். பாங்கார் கையில் இருப்பது சாவியா, அல்லது சுவரில் ஒட்டிய காகிதமா என்று கேளுங்கள். காகித சுவாதீனம் மட்டுமே எனில், உள்ளே இருப்போரை வெளியேற்ற மாவட்ட ஆட்சியர் போன்றோரின் உத்தரவு வேண்டும். அதற்குக் காலம் செல்லும். அக்காலம் முழுவதும் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அன்றியும் உள்ளே இருப்பவரும் ஒரு குடும்பம் என்பதை மறக்கலாகாது.

பழுது பார்த்தலைப் பற்றிச் சில வார்த்தைகள். ஏல வீட்டை இயன்றால் ஐப்பசி கார்த்திகை மழையிற் சென்று பாருங்கள். கோடையிற் பார்த்த வீடு அழகாயிருக்கும்; மழையிற் பார்த்த வீடே உண்மை சொல்லும். 2015ஆம் வருஷத்து மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். யாம் எடுத்த வீட்டில் முதலில் வெள்ளையடித்தோம். சுவர் பளபளத்தது, மனையாளும் மகிழ்ந்தாள். முதல் மழையிலேயே மேல்தளம் கசிந்து வெள்ளை முழுவதும் வீணாயிற்று. முதலிற் செய்யவேண்டியதைக் கடைசியிற் செய்தமையால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுத்தோம்.

ஆகவே வரிசை இதுவென்று கொள்க: முதலில் மேல்தளமும் தண்ணீர் வெளியேறும் குழாய்களும்; இரண்டாவது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த விட்டங்களும் கூரையும்; இதனை மேஸ்திரியோடு நில்லாமல் பொறியாளர் ஒருவரிடம் காட்டுக. மூன்றாவது, சாக்கடையும் மலக்குழியும். குழியைச் சுத்தம் செய்ய மனிதரை இறக்குதல் 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாதலின் இயந்திர வண்டியையே அழைக்கவேண்டும். நான்காவது, மின்கம்பிகள். ஐந்தாவது, ஓதம் ஏறிய சுவர்ப் பூச்சு. தரையும் வர்ணமும் இவற்றின் பின்னரே. பழுதுபார்ப்புக் கடனைப் பாங்கார் பொறியாளரின் மதிப்பீட்டின்பேரில், வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுப்பது வழக்கம். ஆதலால் முதற் பகுதி வேலைக்குக் கைப்பணம் இருத்தல் வேண்டும். மதிப்பீட்டின் மேல் ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைப்பது நன்று. பழைய வீட்டில் ஒரு கல்லைப் பெயர்த்தால் ஒன்பது குறை தெரியும்.

அன்பர்களே! இறுதியாக நமது சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஒன்று: நம்மில் ஓய்வு பெற்ற பாங்கு உத்தியோகஸ்தரும் வக்கீல்களும் உள்ளனர். அவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கு அமர்ந்து, பாங்கு நோட்டீசு வந்த எவர்க்கும் அதனைப் படித்துப் பொருள் சொல்லும் ஏற்பாடு வேண்டும். அங்கத்தினரல்லாத அயலாரும் வரலாம் என்று அறிவித்தல் வேண்டும். கடனுக்குக் குலபேதம் இல்லை. இரண்டு: சங்க நிதியிலிருந்து ஏல முன்பணத்திற்குக் கடன் கொடுத்தல் ஆகாது, அது ஆசையை வளர்க்கும். கூரை ஒழுகும் ஏழை அங்கத்தினர் வீட்டைச் சீர்படுத்தச் சிறுதொகைக் கடன் கொடுத்தலே தகும். மூன்று: ஏலத்திற்கு வந்த வீட்டில் மனிதர் குடியிருந்தால், நம்மவர் விலை கூறுமுன் ஒருமுறை அவ்வீட்டிற் சென்று பேசுக. சட்டம் அதனைக் கேட்பதில்லை, நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வீடு இழத்தலை அவமானமென்று எண்ணி வாய் திறவாதிருப்பதே நம்மவருக்குப் பெரும் நஷ்டம் விளைக்கின்றது. யாம் முன்பு கூறிய அம்மையார் வீட்டில் நோட்டீசு ஆறு மாதமாகப் பீரோவில் இருந்தது. உறவினர்க்குத் தெரிந்தால் என்ன சொல்வரோ என்று அஞ்சி எவரிடமும் காட்டவில்லை. உறவினர் என்ன சொல்லியிருப்பர்? ஒருவேளை, "பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்" என்றே சொல்லியிருப்பர். அவர் மைத்துனர் பின்னர் அப்படித்தான் சொன்னார். சொன்ன சொல் தவறவில்லை. சொன்ன நாள்தான் தவறிற்று.

ஆதலின் நாளைக்கு நம்மில் எவர் வீட்டுக்கேனும் அப்படியொரு கடிதம் வருமாயின், அது பீரோவுக்குப் போகாமல் இச்சங்கத்து மேஜைக்கு வரட்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.